கமுதிக் கதவும் இலண்டன் தீர்ப்பும்

1897ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள். பாம்பன் கடற்கரையில் பெரும் வரவேற்பு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சொற்பொழிவாற்றிப் புகழோடு திரும்பிய விவேகானந்தர், இலங்கையிலிருந்து கடல் கடந்து அங்கு வந்திறங்குகிறார். இராமநாதபுரம் மன்னர் பாசுகர சேதுபதி நேரில் சென்று அவரை வரவேற்கிறார். சிகாகோவுக்குச் செல்லுமாறு அவரைத் தூண்டி ஆதரித்தவர்களுள் சேதுபதியும் ஒருவர். பாம்பனில் அதன் நினைவாகத் தூணும் எழுப்பினார். இராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். ஏழைக்கும் நோயாளிக்கும் தொண்டு செய்வதே மெய்யான வழிபாடு என்பது அப்பேச்சின் கருத்து. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், மன்னர் மனமுருகினார்.

நான்கு திங்களும் முழுதாகக் கழியவில்லை. அதே இராமநாதபுரம் சமீனில், கமுதியில், மற்றொரு காட்சி! 1897 மே 14ஆம் நாள், அவ்வூர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் குலத்தினர் சிலர் சென்று வழிபட்டனர். அவர்கள் கொள்ளையிடச் செல்லவில்லை, கலகம் விளைவிக்கச் செல்லவில்லை, கும்பிடச் சென்றார்கள். கும்பிட்டது குற்றமாயிற்று! கோயில் தீட்டுப்பட்டது என்றனர். தீட்டுக் கழிக்கப் பணம் வேண்டும் என்றனர். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் வழக்குத் தொடுத்தவர் யார்? பாம்பனில் மனமுருகி நின்ற அதே பாசுகர சேதுபதி!

சேதுபதியைத் தூற்றுவதற்காக நாம் இதை நினைவூட்டவில்லை. தனி மனிதரின் நல்ல உள்ளம் எவ்வளவு தொலைவு செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காட்டவே கூறுகிறோம். அமெரிக்காவுக்கு ஒருவரை அனுப்பிவைக்கும் அளவுக்குப் பரந்த உள்ளம், கமுதிக் கதவருகே வந்ததும் சாத்திரத்தின் காவலாளியாக மாறி நிற்கிறது.

வழக்கு மதுரைக் கீழ்நீதிமன்றத்தில் நடந்தது. 1899இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு. சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1901இல் அங்கும் தோல்வி. இடையிலே ஒரு விந்தை நிகழ்ந்தது. சேதுபதியே சமரசத்துக்கு இசைந்தார். கோயிலுக்குள் அவர்களை விடுவதற்கு ஒப்பினார். காவலாளியே கதவைத் திறக்க முன்வந்துவிட்டார்! சட்டம் என்ன சொல்லிற்று? “கோயிலின் வழக்கப்படி உரிமையற்றவர்களை உள்ளே விட அறங்காவலர் இசைவது, அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கே துரோகம்” என்பதே அதன் முடிவு. மனம் மாறிய மன்னரையும் மாறவிடவில்லை சட்டம். 1908இல், இலண்டனில் வீற்றிருந்த பிரிவி கவுன்சில் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. கமுதிக் கதவுக்குப் பூட்டுப் போட்டது கமுதி. அப்பூட்டுக்கு முத்திரை வைத்தது இலண்டன்!

தோழர்களே! இந்த 1908ஆம் ஆண்டைச் சற்று நிறுத்தி நிதானித்துப் பார்ப்போம். அதே ஆண்டில், அதே இலண்டனில், பாராளுமன்றம் முதியோர் உதவிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. எழுபது வயது எய்திய ஏழைக்கு வாரம் ஐந்து சில்லிங் வரை அரசு தரும். உழைத்து ஓய்ந்தவன் பிச்சைக்கு அலைய வேண்டியதில்லை. அனாதை விடுதியின் வாசலில் நின்று அவமானப்பட வேண்டியதில்லை! எவ்வளவு நல்ல சட்டம்! நலம்நாடும் அரசு என்று பிற்காலத்தில் உலகம் போற்றிய ஒன்றுக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டின் சூலையில், நெல்லைச் சீமையில், கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாருக்கு, பேசியதற்காகவும் பேசியவருக்குத் துணைநின்றதற்காகவும் இரட்டை ஆயுள் தண்டனை! ஒரே பேரரசு, ஒரே ஆண்டு. இலண்டன் கிழவருக்கு உதவித்தொகை. தூத்துக்குடித் தலைவருக்குச் சிறை. கமுதி உழைப்பாளிக்கு மூடிய கதவு.

சட்டம் படைத்தவர்கள் கொடியவர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஒதுங்கலாம். அது எளிது; ஆனால் பயனற்றது. உரிமை பெரிதா, உணவு பெரிதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. உரிமைக்கு அமெரிக்காவைக் காட்டுவர். உணவுக்கும் நலத்துக்கும் ஐரோப்பாவைக் காட்டுவர். இரண்டையும் கமுதியில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

முதலில் அமெரிக்கா. 1791இல் அந்நாடு தன் அரசியல் சட்டத்தில் உரிமைப் பட்டயத்தைச் சேர்த்தது. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூடும் உரிமை, எந்த மதத்தையும் அரசின் மதமாக்கக் கூடாது என்னும் தடை ஆகியவை முதல் திருத்தத்திலேயே இடம்பெற்றன. பகுத்தறிவாளர் இங்கர்சால் ஊர் ஊராகச் சென்று வேத நூலை வினாக்களால் துளைத்தெடுக்க முடிந்தது அந்நாட்டில்தான். அதை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம். ஆயினும் அப்பட்டயம் எழுதப்பட்ட நாளில் இலட்சக்கணக்கான நீக்ரோ மக்கள் அடிமைகள்! உரிமை ஏட்டில் இருந்தது. விலங்கு காலில் இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டு, இரத்தம் ஆறாக ஓடிய பிறகே, 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் அனைவர்க்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்று பதினான்காம் திருத்தம் உரைத்தது.

உரைத்து என்ன பயன்? 1896 மே 18ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. இரயிலில் வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, கறுப்பர்க்கு ஒரு பெட்டி எனப் பிரிப்பது சமத்துவத்துக்கு முரணன்று என்பது அத்தீர்ப்பு. ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கமுதியில் கதவடைப்பு! கடலுக்கு அப்பால் நிறம், கடலுக்கு இப்பால் வருணம். இரண்டுக்கும் நீதிபதியின் முத்திரை.

1905இல் இன்னொரு தீர்ப்பு. நியூயார்க் மாநிலம், ரொட்டிக் கூடத் தொழிலாளர் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்று சட்டம் செய்தது. அடுப்பு வெக்கையில் வெந்து சாகும் உழைப்பாளிக்கு ஒரு சிறு நிழல். உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. எதன் பேரால்? சுதந்திரத்தின் பேரால்! எத்தனை மணி நேரம் உழைப்பது என்று முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு தலையிடலாகாதாம். பசித்தவனுக்குப் பட்டினி கிடக்கும் சுதந்திரம் உண்டு என்பது போன்ற வாதம் இது! 1937இல்தான் இந்நெறியை அந்நீதிமன்றம் கைவிட்டது.

அமெரிக்காவிலும் நலச்சட்டம் வந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், ரூசுவெல்ட் ஆட்சியில், 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முதுமைக்கு ஓய்வூதியம், வேலை இழந்தவர்க்கு உதவி. வாழ்த்துவோம். ஆனால் அச்சட்டம் தொடக்கத்தில் யாரை வெளியே நிறுத்திற்று? வயலில் உழைத்தவர்களையும் வீட்டு வேலை செய்தவர்களையும்! தென் மாநிலங்களில் நீக்ரோ மக்களுள் பெரும்பாலோர் செய்த வேலைகள் அவையே. சட்டத்தில் நிறம் என்ற சொல் இல்லை. ஆனால் அடித்தட்டில் இருந்தவன் வெளியே நின்றான்.

இனி ஐரோப்பா. நலச்சட்டங்களுக்கு முன்னோடி செருமனி. 1883இல் நோய்க் காப்புறுதி, 1884இல் விபத்துக் காப்புறுதி, 1889இல் முதுமைக் காப்புறுதி எனத் தொழிலாளர்க்கு உதவியவர் யார்? பொதுவுடைமை பேசியவரா? இல்லை, இரும்பு அமைச்சர் பிசுமார்க்! அதே பிசுமார்க் 1878இல் சமதர்மக் கட்சியாரின் கூட்டங்களையும் ஏடுகளையும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தவர். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் வாய்ப்பூட்டு! “உண்டுகொள், ஆனால் பேசாதே” என்பதே அவ்வாட்சியின் உட்கருத்து.

1919இல் அதே செருமனி, வைமர் நகரில் ஒரு புதிய அரசியல் சட்டம் வகுத்தது. பேச்சுரிமையும் இருந்தது, மனிதத் தன்மையோடு வாழும் உரிமையும், சமூகக் காப்புறுதியும் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்க உரிமையும் ஐரோப்பிய நலமும் ஒரே ஏட்டில்! ஆனால் 1933 பிப்ரவரி 28ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. பேச்சுரிமையும் கூடும் உரிமையும் அன்றே முடங்கின. கேட்கும் வாய் அடைக்கப்பட்ட பின், யாருக்கு நலம் என்று ஆட்சியாளனே தீர்மானித்தான். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. “நம் இனத்தானுக்கு எல்லாம், பிறனுக்கு ஒன்றுமில்லை” என்னும் நலம், கடைசியில் கொலைக்களத்தில் போய் முடிந்தது.

பிரிட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? 1911இல் நோய்க்கும் வேலையின்மைக்கும் காப்புறுதி. 1942இல் பெவரிட்சு அறிக்கை. 1948 சூலையில் அனைவர்க்கும் இலவச மருத்துவம். பேச்சுரிமையைப் பறிக்காமலே நலம் வழங்கிய நாடு அது. ஆனால் அந்த உரிமையும் நலமும் அந்தத் தீவின் எல்லையோடு நின்றன. கடல் கடந்து இராமநாதபுரத்துக்கு வந்தபோது, அதே பேரரசு வழக்கத்துக்கும் வருணத்துக்கும் காவல் நின்றது. அதுமட்டுமா? கோயில் வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற மறவர் குலத்திலும் பலரைக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றியதும் அதே ஆட்சியே. ஒருவனைக் கோயில் வாசலில் நிறுத்திற்று. மற்றவனைக் காவல் நிலைய வாசலில் நிறுத்திற்று. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்தவன் இருவரையும் ஆண்டான்.

ஆகவே, அமெரிக்காவா ஐரோப்பாவா என்று கேட்பவர்க்கு நாம் கூறுவது இது: எந்த நாட்டின் சட்டமாயினும், அடித்தட்டில் நிற்பவனிடம் கொண்டுபோய் உரைத்துப் பாருங்கள். தங்கமா பித்தளையா என்பது அங்கேதான் தெரியும். உரிமை மட்டும் எழுதினால் வலியவன் அதை வாளாக்கிக்கொள்வான். நலம் மட்டும் வழங்கினால் ஆள்பவன் அதை வாய்ப்பூட்டாக்குவான். இரண்டையும் எழுதி, “இவனுக்குண்டு, அவனுக்கில்லை” என்றால் இரண்டுமே பொய்.

இந்த உரைகல்லில் கமுதி வழக்கையும் உரைக்கத்தான் வேண்டும். நம்மவர் என்பதற்காக மறைப்பது பகுத்தறிவு ஆகாது. நாடார்கள் நீதிமன்றத்தில் எதைச் சொல்லி உரிமை கேட்டார்கள்? “மனிதர் அனைவரும் சமம், எவரையும் தடுக்காதே” என்றா? இல்லை. “நாங்கள் சத்திரியர், பாண்டியர் வழிவந்தோர், ஆகவே எங்களைத் தடுக்காதே” என்றார்கள். ஏணியை உடைக்கச் சொல்லவில்லை. ஏணியில் தமக்குரிய படி மேலே உள்ளது என்றார்கள். நீதிபதிகளும் படியைத்தான் அளந்தார்கள், மனிதனை அளக்கவில்லை. படிக்கணக்குப் பேசிய வழக்கு படிக்கணக்காலேயே தோற்றது.

ஆனால் வழக்கில் தோற்றவர்கள் வாழ்க்கையில் தோற்கவில்லை. அதுதான் இந்த வரலாற்றின் உயிர்ப் பகுதி. விருதுநகரில் வணிகர்கள் மகமை என்று பொதுநிதி திரட்டினார்கள். வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியால் பள்ளிக்கூடம் நடந்தது. அரசு தரும் நலம் இல்லை. அண்ணல் தரும் அருள் இல்லை. தாய்மாரின் கைப்பிடி அரிசி! பள்ளியின் பெயரோ சத்திரிய வித்தியாசாலை. பெயரில் பழைய ஏணி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே எரிந்த விளக்கு புதிது.

அவ்விளக்கின் ஒளி எங்கே சென்றது? தன்மான இயக்கம் தோன்றிற்று. “நீ உயர்ந்த சாதி என்று நிலைநாட்டாதே; உயர்வு தாழ்வே இல்லை என்று நிலைநாட்டு” என்றார் பெரியார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியபோது, தலைமை ஏற்றவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். கமுதியில் தோற்ற அதே குலத்தில் பிறந்தவர்! அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பணியாற்றியபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். உன்னிப்பாக நோக்குக, தோழர்களே! கதவு மூடப்பட்டதால் துயருற்றவர்கள், தமக்கு மட்டும் கதவு திறக்க வேண்டினார்கள் அன்று. இன்று அவர்கள் வழிவந்த ஒருவர், தமக்கும் கீழே தள்ளப்பட்டவர்க்குக் கதவைத் திறந்துவிடுகிறார். பரம்பரைப் பட்டம் பேசியது போய், பரந்த சமத்துவம் பேசியது. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்சு அம்மையார் கைதானது 1955 திசம்பரில். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, வறண்ட இராமநாதபுரத்துச் சாலைகளில் அந்தச் சமத்துவம் ஆணையாகப் பிறந்துவிட்டது.

பின்னர் காலம் விரைந்தது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் கதவுகளைத் திறந்தது. பிரிவி கவுன்சில் வைத்த முத்திரை உடைந்தது. 1950இல் வந்த அரசியல் சட்டம், அமெரிக்கரைப் போல் அடிப்படை உரிமைகளை எழுதிற்று. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, நலம்நாடும் நெறிமுறைகளையும் எழுதிற்று. ஒரு வேறுபாடு உண்டு: உரிமைக்காக நீதிமன்றம் செல்லலாம், நெறிமுறைக்காகச் செல்ல முடியாது. இந்த வேறுபாடு உடனே தன் பல்லைக் காட்டிற்று. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை ஆணைப்படி, கல்லூரியில் பதினான்கு இடங்கள் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பார்ப்பனர்க்கு இரண்டு, தாழ்த்தப்பட்டோர்க்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து ஒன்று, முசுலிம்களுக்கு ஒன்று என்ற பங்கு இருந்தது. அடிப்படை உரிமைக்கு மாறானது என்று கூறி 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதைத் தகர்த்தது. நியூயார்க் ரொட்டிக்கூட வழக்கின் அதே குரல்! தமிழகம் கொதித்தெழுந்தது. கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு சூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோர்க்குத் தனி வகைசெய்யும் 15(4) பிறந்தது.

அதனுடன் ஒன்றையும் மறவாமல் கூற வேண்டும். அமெரிக்காவின் முதல் திருத்தம் பேச்சுரிமைக்கு அரண். நம் முதல் திருத்தமோ, ஒரு பிரிவால் சமூகநீதிக்கு வழி திறந்து, மற்றொரு பிரிவால் பேச்சுரிமையின் மீது கட்டுப்பாடுகளைப் பெருக்கிற்று. கொடுத்த கையைக் கும்பிட்டு, பறித்த கையைக் காணாமல் இருந்துவிடலாகாது. 1957 நவம்பர் 26இல், சாதியைக் காக்கும் பிரிவுகளைக் கண்டித்துப் பெரியாரின் தொண்டர்கள் அரசியல் சட்டத்தை எரித்தபோது, ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டது சிறைச்சாலைதான்.

உணவின் கதையும் இராமநாதபுரத்தைத் தொட்டே நடந்தது. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் பகல் உணவைத் தொடங்கிவைத்தார். 1956இல் முதலமைச்சர் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். காமராசர் யார்? அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த விருதுநகரின் பிள்ளை. பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர். ஒரு குலத்துப் பள்ளிக்காக ஒதுக்கப்பட்ட பிடி அரிசி, நாட்டுக் குழந்தைகள் அனைவர்க்கும் சோறாக விரிந்தது. 1982இல் சத்துணவாக வளர்ந்தது; 2022இல் காலை உணவும் சேர்ந்தது. எல்லாச் சாதிக் குழந்தையும் ஒரே பந்தியில் அமரும்போது, அது வயிற்றுக்குச் சோறு மட்டுமன்று. வருணத்துக்கு வைக்கும் உலையும் ஆகும்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. 1957 செப்டம்பரில், அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், அமைதிக் கூட்டத்தில் பிற தலைவர்களோடு சமமாக அமர்ந்து தம் மக்களுக்காகப் பேசினார் இமானுவேல் சேகரன். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு எழுதப்பட்டு ஏழாண்டுகள் ஆன பின்பு! சட்டம் நாற்காலியைத் தந்தது. உட்கார்ந்தவனின் உயிருக்கு ஊர் உறுதி தரவில்லை. 2021இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகப் பணியமர்த்தப்பட்டபோதும், எதிர்ப்புக் குரல் ஆகமத்தின் பேரால்தான் எழுந்தது. கமுதியில் ஒலித்த அதே பழங்குரல்! கோயிலின் வெளிக்கதவு திறந்தது. உள்கதவுக்கு வழக்கு நடக்கிறது.

இளைஞர்களே! அமெரிக்காவின் உரிமைப் பட்டயத்தைப் படியுங்கள். ஐரோப்பாவின் நலச்சட்டங்களையும் படியுங்கள். இரண்டிலும் கற்க வேண்டியவை ஏராளம். ஆனால் படித்து முடித்ததும் கமுதிக் கதவருகே வந்து நில்லுங்கள். இந்தச் சட்டம் எவனை வெளியே நிறுத்துகிறது என்று கேளுங்கள். நமக்குக் கதவு திறந்துவிட்டதென்றால், திரும்பிப் பாருங்கள். நம் பின்னால் நிற்பவன் யார்? அவன் உள்ளே வரும்வரை நாம் பெற்றது உரிமையன்று, சலுகை. அவனும் வந்துவிட்டால், அன்று நாம் பெற்றது விடுதலை!